வாய் திறக்காத பிள்ளை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளையை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். தலைமையாசிரியர் வந்து தூக்கிக்கொள்கிறார். சத்துணவு சமைக்கிற அக்கா மடியில் வைத்துக்கொள்கிறார். அம்மாக்கள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த அழுகை ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ அடங்கிவிடும். அதே வகுப்பில், அழாமலும் பேசாமலும் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை இருக்கும். அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனாலேயே அதை யாரும் பார்ப்பதும் இல்லை.

சக ஆசிரியர்களிடம்கூட நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பேசாத பிள்ளைகள் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். ஆசிரியருக்குப் பாரபட்சம் கூடாது என்று பயிற்சிக் காலத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன், ஆனாலும் எனக்கு அது இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, அது எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. குப்பத்திலிருந்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சாலையோரக் கொட்டகைகளில் கல் செதுக்குகிறவர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். சவுக்குத் தோப்புகளுக்கு அப்பாலுள்ள இருளர் குடியிருப்பிலிருந்து சிலர் வருவார்கள். சில வருடங்களில் நரிக்குறவர் பிள்ளைகள் சேர்வார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, தமிழோடு சம்பந்தமே இல்லாத வடக்கத்தி மொழிக் குடும்பம். ரிசார்ட்டுகள் வரத் தொடங்கிய பிறகு ஒடிசா, பீகாரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வயது முடிந்தவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் கொண்டுவருகிற பேச்சு மட்டும் வேறு வேறு.

பாடப்புத்தகத் தமிழ் அந்தப் பாயில் உள்ள எவருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. இதை நான் முதலில் தெரிந்துகொண்டது ஆசிரியராக அல்ல, ஐந்து வயதுப் பிள்ளையாக.

1982இல் நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தேன். குப்பத்தில் பிறந்தவள். நல்ல பள்ளிக்கூடம் என்று செங்கல்பட்டில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கொளவாய் ஏரிக்குப் பக்கத்து வீடு. காலையில் எழுந்ததும் தண்ணீர் தெரியும், ஆனால் அலைச் சத்தம் இருக்காது. அது எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். பள்ளியில் ஒரு நாள் டீச்சர் ஒரு படத்தைக் காட்டி இதில் என்ன நடக்கிறது என்று கேட்டார். தென்னை மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "கச்சான் அடிக்குது" என்றேன். மேற்கிலிருந்து வருகிற காற்றை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் அந்தச் சொல் புரியவில்லை, அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அரைப் பரீட்சை முடிந்து அத்தையை வரச் சொல்லி, "பிள்ளை கொஞ்சம் மந்தம், பார்த்துக்குங்க" என்று சொன்னார்கள். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அதே வருடம், அத்தை வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் ஆனால் தூண்களுக்குப் பாடம் நடத்துவேன். கையில் வேப்பங்குச்சி. காலையில் வகுப்பில் நடந்தது ஒன்று விடாமல் தூண்களுக்குச் சொல்லப்படும். மனக்கணக்கு கேட்பேன், தூணுக்காக நானே பதில் சொல்வேன். அத்தை அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் போய் அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, சொன்னாலும் யாரும் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்தப் பின்னணியோடு ஆசிரியரானவளுக்கு, பேசாத பிள்ளையைக் கண்டால் நெஞ்சு பதறத்தானே செய்யும்? பல வருடம் அப்படித்தான் பதறியது. பேசாத ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு காயம் இருக்கிறது, யாரோ சிரித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அது அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியவள் ஒரு சிறுமி.

குப்பத்துப் பிள்ளை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. பெயர் கேட்டால் முகத்தைப் பார்ப்பாள். பாட்டுப் பாடினால் மற்றவர்கள் கை தட்டும்போது தட்டுவாள், உதடு அசையாது. ஆனால் அவள் பார்வை சும்மா இருக்காது. நான் எந்தப் பெட்டியில் எந்த அட்டையை வைக்கிறேன், எந்தப் பையன் யார் பல்பத்தை எடுத்தான் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எண்களுக்கு நான் கிளிஞ்சல்களைப் பயன்படுத்துவேன். எங்கள் ஊரில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்து இரண்டு வரிசையாக அடுக்கச் சொல்வேன். இரண்டிலும் ஆறு ஆறு. பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு எதில் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பரந்து கிடக்கும் வரிசையைக் காட்டுவார்கள். எண்ணச் சொன்னால் இரண்டிலும் ஆறு என்று எண்ணுவார்கள், அப்புறமும் பரந்ததைத்தான் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதைத்தான் பல வருடம் ஆராய்ந்து எழுதினார். அந்த வயதில் கண்ணுக்குத் தெரியும் அகலம் எண்ணிக்கையை ஜெயித்துவிடுகிறது. இது தப்பு இல்லை, மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். ஓரிரு வருடத்தில் தானாகத் தெளியும்.

அந்தச் சிறுமி மட்டும் கேள்வியைக் கேட்டதும் இரண்டு வரிசையையும் பார்த்தாள். பரப்பிய கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பழையபடி எதிரெதிரே வைத்தாள். வைக்கும்போது உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். "இதுக்கு இது, இதுக்கு இது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேசவில்லை. பேச வேண்டிய தேவை அவளுக்கு அங்கே இல்லை, செய்து காட்டிவிட்டாள்.

பிள்ளைகள் தமக்குத் தாமே முணுமுணுப்பதைப் பியாஜே முதிராத பேச்சு என்று கருதினார், வளர வளர மறைந்துவிடும் என்றார். ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி அதை மறுத்தார். 1934இல் அவர் இறந்த வருடம் வெளிவந்த நூலில், அந்த முணுமுணுப்புதான் சிந்தனை பிறக்கும் இடம் என்று எழுதினார். அது மறைவதில்லை, உள்ளே போகிறது. பெரியவர்கள் மனதுக்குள் பேசிக்கொள்வது அதுதான் என்பது அவர் வாதம். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு பேரையும் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். அந்தக் கிளிஞ்சல் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் வைகாட்ஸ்கி எனக்குப் புரிந்தார். வகுப்பில் "கையைக் கட்டு, வாயில் விரல் வை" என்று சொல்லும்போது எதை நிறுத்தச் சொல்கிறோம் என்பதும் புரிந்தது.

அவள் அம்மா திருக்கழுக்குன்றம் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர். ஒரு நாள் கூடையோடு வாசலில் நின்றபோது, "ஏம்மா, பிள்ளை வீட்ல பேசுதா?" என்று கேட்டேன்.

"இன்னா டீச்சர் இப்டி கேக்குறீங்க? வூட்ல அவ வாயி ஓயாது. அவுங்க ஆயா, கொஞ்சம் சும்மா கெடடீன்னு கத்தும். நீங்க பாடுற பாட்டெல்லாம் பாடுறா. நீங்க இருமுற மாதிரியே இருமிக் காட்டுறா டீச்சர்!"

சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. என் இருமலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள் அந்தப் பிள்ளை!

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். படகு கரையேறி, வலையிலிருந்து மீனை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் மீனைத் தரம் பிரித்தாள். காரப்பொடி ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம், சங்கரா தனியாக. ஆயா கூறு போடப் போட, "அந்தக் கூறு சின்னது ஆயா, இன்னும் ரெண்டு போடு" என்று திருத்தினாள். ஒவ்வொரு கூறும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பரப்பி வைத்தால் அதிகமாகத் தெரியும், ஆனால் அதிகம் இல்லை என்பதும் வாங்க வருகிறவர்களிடமிருந்து தெரியும். பியாஜேயின் கேள்விக்கு அவள் விடை சொன்ன காரணம் இந்த மணலில் இருந்தது. பெயர் சொல்வது, தரம் பிரிப்பது, ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, சமமாகப் பங்கு வைப்பது எல்லாம் முதல் வருடக் கணக்குப் பாடங்கள்தான். இவற்றைக் கற்ற பிள்ளையாகத்தான் அவள் ஜூனில் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

என் மௌனம் வேறு, அவள் மௌனம் வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நான் பயந்துபோய் வாய் மூடினவள். அவளுக்குப் பயமே இல்லை. புது இடம், புதுப் பேச்சு. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தாள்.

புதிய மொழிச் சூழலுக்கு வருகிற சிறு பிள்ளைகள் சில வாரங்களோ சில மாதங்களோ இப்படிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது உலகம் முழுவதும் கவனிக்கப்பட்ட விஷயம். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளிடம் இதை நாங்கள் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். "பாவம், பாஷை தெரியாது" என்கிறோம். தமிழ்ப் பிள்ளை அமைதியாக இருந்தால் மட்டும் மந்தம் என்கிறோம். வீட்டுத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு வருவதும் ஒரு பயணம்தான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டம்பரிலேயே "இன்னும் எழுத வரலியா டீச்சர்?" என்று கேட்கிற பெற்றோர் அதிகம். ஐந்து வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் முழுசாக உருவாகியிருக்காது, சில அப்போதும் குருத்தெலும்புதான். மெல்லிய பென்சிலைப் பிடித்து நான்கு கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் அந்தக் கை வலிக்கும். அதோடு கண்ணுக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஒரு கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான் என்று பிறந்ததிலிருந்து கற்ற மூளைக்கு, எழுத்தை மட்டும் திருப்பக் கூடாது என்பது புதுச் சட்டம். 'ட'வை வலமிருந்து இடமாகப் போடுகிற பிள்ளை பழைய சட்டத்தைப் பின்பற்றுகிறது, அவ்வளவுதான். தமிழுக்கு 247 எழுத்து. கன்னடப் பிள்ளைகள் படிக்கக் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்து முறைகளில் எழுத்துகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியிருக்கிறார். செப்டம்பரில் என்ன அவசரம்?

அதனால் முதல் மாதங்களில் நான் மணலில் எழுத வைக்கிறேன். தட்டில் மணல், விரல்தான் எழுதுகோல். விரலுக்கு வலி இல்லை, தப்பாகப் போட்டால் தட்டினால் போய்விடும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. திண்ணைப் பள்ளிகளில் காலங்காலமாக இருந்த வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்து, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். பெரிய ஆசிரியர்கள் சரிவரச் செய்யாததால், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797இல் அதை நூலாக எழுதினார். பிறகு மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. இங்கே நாம் மணலை விட்டுவிட்டு நான்கு கோடு போட்ட நோட்டுக்குப் போய்விட்டோம்.

பிள்ளைக்குப் பிள்ளை கற்றுக்கொடுக்கிற அந்த வழி வேறு வடிவில் திரும்பி வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கண்டதை வைத்துச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில வருடங்களில் மாநிலம் முழுக்க வந்தது. நாங்கள் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தோம். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது, ஆளுக்கொரு கட்டம். எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்த விஷயம் அந்தக் கட்டம்தான். வாய் திறக்காத பிள்ளைக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. அந்தச் சிறுமி தன் கட்டத்தில் முதலில் எழுதியது எழுத்து இல்லை, ஒரு படகு. படகுக்குள் ஆறு கோடு. ஆறு பேர் என்று விரலால் காட்டினாள்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து கற்பிக்க வேண்டும் என்றார்கள். அதில் பொம்மலாட்டத்துக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்கு அதைவிடப் பெரிய கருவி இல்லை. தான் பேசினால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று ஒடுங்குகிற பிள்ளை, விரலில் ஒரு காகிதக் கிளியை மாட்டிவிட்டால் பேசிவிடும். பார்க்கிறவர்கள் கிளியைப் பார்க்கிறார்கள் அல்லவா? மதிப்பீடு என்று வரும்போதுதான் எனக்கு உறுத்தல். வாயால் சொன்ன விடையைத்தான் எந்த மதிப்பீடும் சுலபமாகக் குறித்துக்கொள்கிறது. கிளிஞ்சலை நகர்த்திக் காட்டிய விடையை ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் உண்டு.

அவள் பள்ளியில் பேசிய முதல் சொல் வகுப்பறையில் வரவில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதன் முதல் வாரங்கள். சமைக்கிற அக்கா ரவா கிச்சடியை இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டுக்குக் கொண்டுபோனார். தட்டின் மேல் கையை வைத்து மூடி, "போதும்க்கா" என்றாள். சத்தமாக, தெளிவாக. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "டீச்சர், இவ பேசிட்டா!" என்று ஒருவன் ஓடி வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கொண்டாடவும் இல்லை. கொண்டாடினால் மறுபடி ஒடுங்கிவிடுவாள் என்று பயம். வேண்டாம் என்று ஓர் இடத்தில் தைரியமாகச் சொல்ல முடிந்தால்தான் அந்த இடம் நம்முடையது ஆகிறது. அந்த மறுப்பை நான் அவளுடைய முதல் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

எல்லா மௌனமும் இப்படிச் சுகமாக முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமிக்குப் பிறகு பள்ளி திறந்தபோது நான் புதிய ஆசிரியை. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் கடல் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அதுவரை ஓயாமல் பேசிய பிள்ளைகள் பேச்சை விட்டிருந்தார்கள். அந்த மௌனத்தில் கேட்பதும் இல்லை, கற்பதும் இல்லை. அந்த வருடம் பாடம் நடத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் இப்போது நான் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. நானே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்த்தால் போதும். வீட்டில் பேசுகிறதா என்று அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டுவிடுகிறேன். வீட்டில் பேசுகிற பிள்ளைக்கு அவகாசம் கொடுக்கலாம். வீட்டிலும் பேசாத பிள்ளைக்கு, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு, காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு அவகாசம் கொடுப்பது ஆபத்து. பேசாத பிள்ளை மேல் எனக்குள்ள பிரியம், காத்திருக்கலாம் என்ற சாக்கில் ஒரு பிள்ளையின் காதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அந்தச் சிறுமி மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் அதிகம் பேசுகிறவள் இல்லை. "கேட்டா மட்டும்தான் சொல்றா டீச்சர்" என்று அவள் அம்மா குறைபட்டுக்கொண்டார். "அது அவ கொணம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

இந்த வருடம் சிற்பக் கொட்டகையிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். அப்பா இயந்திரத்தில் கல் அறுக்கிறவர், கொட்டகையை ஒட்டித்தான் வீடு. பேசுவதில்லை. நான் கதை சொல்லும்போது என் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்க்கிறான். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அவன் முகம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. வீட்டில் கேட்டேன், "கொஞ்சம் சத்தமா கூப்டாத்தான் வருவான், விளையாட்டுப் புள்ள" என்றார் அவன் அம்மா. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, அடுத்த வாரம் மூன்று பேரும் பஸ் ஏறுகிறோம்.